ஜீப் எஞ்சின் பேரிங் தேய்மானம்: வீட்டிலேயே அளக்க முடியுமா?

கானாடுகாத்தான் ஜீப்
ஏப்ரல் 6, இரவு 9.10

எங்கள் ஐயா வாங்கிய 1968 மாடல் சிஜே-3பி ஜீப் பின்கட்டில் பதினோரு ஆண்டுகளாகக் கிடந்தது. அதே பழைய ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், 2199 சிசி. நான் வங்கியில் வேலை பார்ப்பவன். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்குமேல்தான். போன ஆண்டு கார்புரேட்டர், பிரேக், வயரிங் எல்லாம் பார்த்து வண்டியை ஓடவிட்டேன்.

சிக்கல் இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் 40 பவுண்டு நிற்கிறது. குன்றக்குடி வரை போய்த் திரும்பி வாசலில் நிறுத்தினால், ஐடிலில் முள் 6-க்கு வந்து படுத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு எடுக்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. டாஷ்போர்டு கேஜைச் சந்தேகித்து வேறொரு கேஜை நேரடியாகக் குழாயில் மாட்டிப் பார்த்தேன், அதுவும் 6 என்றுதான் காட்டியது. ஆயில் மாற்றினேன், ரிலீஃப் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பலனில்லை.

சென்ற வாரம் புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி எஞ்சினை இறக்கி, தலைகீழாகத் திருப்பி, ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் ஷெல்கள், அதாவது அரைவட்ட பேரிங் துண்டுகள், இருக்கின்றன. அவற்றின் முதுகில் 010 என்று அடித்திருக்கிறது. யாரோ ஒருமுறை பத்து அண்டர்சைஸுக்கு, அதாவது ஆயிரத்தில் பத்து அங்குலம் குறைவாக, கிராங்கைக் கிரைண்டிங் செய்திருக்கிறார்கள் என்று புரிகிறது. மேல் ஷெல்களின் நடுவில் சாம்பல் நிறம் போய்ச் செம்பு நிறம் தெரிகிறது.

என்னிடம் இருப்பது டிஜிட்டல் வெர்னியர். கிராங்க் பின்னை, அதாவது ராடு மாட்டும் உருளைப் பகுதியை, அளந்தால் ஒருமுறை 48.96, இன்னொருமுறை 48.91, மூன்றாவது முறை 48.99. கிராங்கை மறுபடி கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டுமா, ஷெல் மட்டும் மாற்றினால் போதுமா என்று நானே அளந்து முடிவுசெய்ய முடியுமா?

---

பள்ளத்தூர் பட்டறை
ஏப்ரல் 6, இரவு 10.02

தம்பி, நாற்பத்தொரு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மைக்ரோமீட்டரை இரண்டு முறை கையில் எடுத்திருப்பேன். புதுப் பத்து சைஸ் ஷெல்லைப் போட்டு, பின்னில் ஆயில் தடவி, ராடின் அடிமூடியான கேப்பை முறுக்கி, ராடைப் படுக்கை வாட்டத்தில் பிடித்துக் கையை எடுங்கள். தன் எடையில் மெல்ல இறங்கினால் சரி. பொத்தென்று விழுந்தால் லூஸ், நின்றுவிட்டால் டைட். பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் சிக்கவில்லையென்றால் மாட்டிவிட்டு ஓட்டுங்கள். ஒருநாள் வேலை இது. கப்பலா கட்டுகிறோம்?

---

கோட்டையூர் லேத்
ஏப்ரல் 7, காலை 7.15

அண்ணன் சொல்லும் நகச் சோதனை கீறலைக் காட்டும், தேய்மானத்தைக் காட்டாது. வழவழவென்று தேய்ந்த பின்னில் நகம் எதில் சிக்கும்?

ஜீப்காரரே, வெர்னியரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். உங்கள் பின்னின் விட்டம் ஏறத்தாழ 49 மில்லிமீட்டர். பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் இடைவெளி, ஓர் அங்குல விட்டத்துக்கு ஒரு தவு என்ற பழைய கணக்கில், இரண்டு தவுக்குள். ஒரு தவு என்றால் ஆயிரத்தில் ஓர் அங்குலம், 0.0254 மில்லிமீட்டர். ஆகவே நீங்கள் தேடுவது 0.04, 0.05 அளவிலான ஒரு சமாசாரம். உங்கள் வெர்னியரோ 0.02, 0.03 முன்னே பின்னே சொல்லும் கருவி. விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுக்கிறீர்கள்.

25-50 மைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். பின்னுக்கு அது போதும். மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் எஞ்சின் உடலில் உட்கார்ந்து சுழலும் இடம், 59 மில்லிமீட்டர் சொச்சம், அதற்கு 50-75 வேண்டும். அதை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பழைய கருவியானாலும் பரவாயில்லை, கூடவே அதைச் சரிபார்க்கும், அளவு தெரிந்த செட்டிங் கட்டையும் இருக்க வேண்டும். கட்டை இல்லாத மைக்ரோமீட்டர் காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் ஆகும்.

---

மெட்ராலஜி மாணவன்
ஏப்ரல் 7, மாலை 6.40

நான் காரைக்குடியில் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். 1952-இல் தொடங்கிய கல்லூரி. எங்கள் அளவையியல் ஆய்வகத்தில் அதே வயதுடைய கருவிகளும் உண்டு, இன்னும் பிசகாமல் அளக்கின்றன. ஐயா மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்தால் ஸ்லிப் கேஜ் என்னும் துல்லிய அளவுக் கட்டைகளை வைத்துச் சரிபார்த்துத் தரலாம், பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பின்னிலும் இரண்டு இடங்களில், முன்னோரமும் பின்னோரமும் அளவெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகள். ஒன்று கிராங்கின் மையத்தை நோக்கிய வீச்சுத் திசை, மற்றது அதற்குக் குறுக்கே. இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் இருந்தால் பின் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு திசைகளுக்கும் வித்தியாசம் இருந்தால் முட்டை வடிவம். திருகைக் கையால் இறுக்காமல், நுனியிலுள்ள ராட்செட் மூன்று முறை 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள். ஒரே இடத்தைக் கருவியை எடுத்து எடுத்து ஐந்து முறை அளந்து பாருங்கள். ஐந்தும் 0.01-க்குள் வந்தால்தான் உங்கள் கை பழகிவிட்டது என்று பொருள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று பட்டறை ஐயா கேட்பார். பேரிங்கிலிருந்து வழியும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 0.04 இருந்தது 0.08 ஆனால் கசிவு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. முள் 6-இல் படுப்பது அதனால்தான்.

---

பள்ளத்தூர் பட்டறை
ஏப்ரல் 7, இரவு 8.20

எட்டோ பத்தோ, ஷெல் மாற்றினால் போய்விடும்.

---

கானாடுகாத்தான் ஜீப்
ஏப்ரல் 19, இரவு 9.55

மைக்ரோமீட்டர் வாங்க மதுரைக்கு ஆள் போயிருக்கிறார். அதற்குள் தபாலில் பிளாஸ்டிகேஜ் வந்துவிட்டது, பச்சை நிறக் கம்பி. அதன் அளவு வரம்பு 0.025 முதல் 0.076 வரை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது நூல் போன்ற ஒரு மெழுகுக் கம்பி. ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பின்மேல் ஒரு துண்டை நெடுக வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, பிறகு கழற்ற வேண்டும். கம்பி நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அதன் அகலத்தை ஒப்பிட வேண்டும். பட்டை எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. நடுவில் கிராங்க் ஒரு நூல் திரும்பினாலும் பட்டை இழுபட்டுப்போகும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது. மதிய வெயிலில் கம்பி விரலில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, ஆகவே விடியற்காலையில் செய்தேன்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும்படி ஒவ்வொரு பின்னையும் நிறுத்தி, பழைய ஷெல்லோடு அளந்ததில்:

ஒன்று 0.06. இரண்டு 0.06-ஐவிடச் சற்று அதிகம். மூன்று 0.06. நான்கு 0.07.

எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றன. இது ஷெல் தேய்மானம்தானே? புதுப் பத்து சைஸ் ஷெல் ஆர்டர் செய்துவிடவா?

---

பள்ளத்தூர் பட்டறை
ஏப்ரல் 19, இரவு 10.10

இதைத்தான் ஆறாம் தேதியே சொன்னேன்.

---

மெட்ராலஜி மாணவன்
ஏப்ரல் 19, இரவு 11.30

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. பிளாஸ்டிகேஜ் சொல்வது பின்னுக்கும் ஷெல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், அதுவும் கம்பி கிடந்த ஒரு கோட்டில். எது தேய்ந்தது, பின்னா ஷெல்லா, என்று அது சொல்லாது. மைக்ரோமீட்டர் வந்ததும் பின்களைத் தனியே அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

---

கானாடுகாத்தான் ஜீப்
ஏப்ரல் 26, இரவு 8.45

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோமீட்டர் வந்த அன்று ஆர்வம் தாங்காமல் மத்தியானமே அளந்தேன். எஞ்சின் வளவில், வெயில் நேரே விழும் இடத்தில் இருந்தது. கருவி குளிரூட்டிய அறையிலிருந்து வந்தது. புதுப் பின்னைவிடப் பெரிய அளவு வருகிறது! தேய்ந்து பெருத்த பின்னை உலகத்தில் முதலில் கண்டவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். ஐம்பது மில்லிமீட்டர் எஃகு, பதினைந்து டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 0.009 மில்லிமீட்டர் நீளும். அதோடு செட்டிங் கட்டையை வைத்துப் பார்க்காமல் அளந்ததால் கருவியின் பிழை 0.02 வேறு. இரண்டும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டன. கருவியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தேன், தம்பிக்கு நன்றி. எஞ்சின், கருவி, கட்டை மூன்றையும் ஓர் இரவு முழுக்கப் பட்டாலையில் ஒன்றாக வைத்தேன். சுண்ணாம்புச் சுவர் கட்டிய நம் முன்னோரின் புண்ணியத்தில் உள்ளே காலை எட்டு மணிவரை வெப்பம் அசையவில்லை.

வீச்சுத் திசை முதலில், குறுக்குத் திசை அடுத்து:

ஒன்று: 48.95, 48.96
இரண்டு: 48.95, 48.955
மூன்று: 48.91, 48.95
நான்கு: 48.945, 48.955

கூம்பு எதிலும் இல்லை. ஐந்து ஐந்து முறை அளந்தேன். மூன்றாம் பின்னைப் பத்து முறை.

---

கோட்டையூர் லேத்
ஏப்ரல் 26, இரவு 9.20

மூன்றாம் பின் முட்டை. 0.04, அதாவது ஒன்றரைத் தவுக்கு மேல். இரண்டு தவு வரை விடலாம் என்பவர்களும் உண்டு. நான் ஒன்றிலேயே கிரைண்டிங்குக்கு அனுப்புவேன்.

எனக்கு இடிக்கிற விஷயம் வேறு. வீச்சுத் திசையில் மூன்றாம் பின் மற்றவற்றைவிட 0.04 ஒல்லி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ராடும் வீச்சும் ஒரே கோட்டில் நிற்கும். அந்த ஒல்லி இடத்தில்தான் கம்பி கிடந்திருக்கும். அப்படியானால் பிளாஸ்டிகேஜ் அங்கே 0.10 அல்லவா காட்டியிருக்க வேண்டும்? ஏன் 0.06 காட்டியது?

---

மெட்ராலஜி மாணவன்
ஏப்ரல் 26, இரவு 9.50

அண்ணன் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். மூன்றாம் ராடின் துளை அந்தத் திசையில் மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தால் மட்டுமே இந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகும்.

ஐயா, மூன்றாம் பின்னில் மட்டும் பிளாஸ்டிகேஜை மறுபடி வையுங்கள். இந்த முறை கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தி, பின்னின் பருத்த பக்கம் ராடு வாட்டத்துக்கு வரும்படி.

---

கானாடுகாத்தான் ஜீப்
ஏப்ரல் 27, காலை 6.35

இப்போதுதான் கேப்பைக் கழற்றினேன், கையைக்கூடத் துடைக்காமல் எழுதுகிறேன். போன வாரம் 0.06 காட்டிய அதே ராடு, அதே கேப், அதே ஷெல். கம்பி சப்பையாக நசுங்கி, உறையிலுள்ள மிக அகலமான கோட்டையும் தாண்டி வழிந்திருக்கிறது. அதாவது 0.025-க்கும் கீழ்! பச்சைப் பட்டையின் ஓரம் கண்ணாடித்தாள் போல மெலிந்து, அடியிலிருந்து ஷெல்லின் செம்பு நிறம் தெரிகிறது.

ஒரே பேரிங், கால் சுற்றில் 0.06-லிருந்து 0.02. என்ன நடக்கிறது இங்கே?

---

புதுவயல் மில்காரர்
ஏப்ரல் 27, காலை 10.15

நான் ரைஸ்மில் ஆள். ஜீப்பைப் பற்றித் தெரியாது. ஆனால் இந்த நோயைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பழைய மில் எஞ்சின்களில் ஷெல் கிடையாது. ராடிலேயே ஒயிட் மெட்டல் உருக்கி ஊற்றி, நீலம் தடவிச் சுரண்டிப் பொருத்துவோம். கேப்புக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கியிருக்கும். தேய்ந்து ஆட்டம் வந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகட்டை உருவிவிட்டு, மறுபடி சுரண்டி வட்டமாக்கி முறுக்குவோம். அளப்பதற்கு ஈய ஃபியூஸ் கம்பி. கேப்பை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் தீர்ந்தது. அந்த எஞ்சினுக்கு அது முறையான வேலை, தகடு வைத்ததே உருவுவதற்குத்தான்.

அந்தப் பழக்கத்தில் வந்த கைகள் ஷெல் எஞ்சினில் தகட்டைத் தேடின. தகடு இல்லை என்றதும் அரத்தை எடுத்தன. கேப்பின் முகத்தை ராவிவிட்டால் கேப் மேலே ஏறும், ஆட்டம் போகும், சத்தமும் போகும். உங்கள் மூன்றாம் ராடின் கேப்பைத் திருப்பிப் பாருங்கள்.

பி.கு. ஈயக் கம்பியை உங்கள் ஷெல்லில் வைத்துவிடாதீர்கள், மேல்பூச்சில் பள்ளம் விழும்.

---

கோட்டையூர் லேத்
ஏப்ரல் 27, மதியம் 1.05

மில்காரர் வாயில் சர்க்கரை போட வேண்டும். கேப்பை ராவினால் துளை வட்டமாக இராது. ராடு வாட்டத்தில் குறுகி, குறுக்கே அப்படியே நிற்கும். பின்னும் முட்டை, துளையும் முட்டை. இரண்டு முட்டைகளும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக நின்ற நிலையில் நீங்கள் முதலில் அளந்திருக்கிறீர்கள், அதனால் 0.06 என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. கால் சுற்றுத் திரும்பியதும் பருத்த பக்கமும் குறுகிய பக்கமும் நேருக்கு நேர் வந்துவிட்டன.

உறுதிசெய்ய, ஷெல்லைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ராடையும் கேப்பையும் டார்க்கில் முறுக்கி, துளையின் அகலத்துக்கு விரிந்து நிற்கும் டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே விட்டு, மைக்ரோமீட்டரில் எடுங்கள். நான்கு ராடுக்கும். பிறகு ஷெல்லோடும் ஒருமுறை. ஷெல்லோடு அளக்கும்போது ராடு வாட்டத்தில் மட்டும் அளங்கள். ஷெல்கள் சேரும் மூட்டுப் பக்கம் வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும், அங்கே அளந்துவிட்டுத் தேய்மானம் என்று கூப்பாடு போடுபவர்கள் நிறையப் பேர்.

ஷெல்லின் தடிமனை அளக்க இன்னொரு வழி. மைக்ரோமீட்டரின் தட்டை முகம் ஷெல்லின் உள்வளைவில் உட்காராது. சைக்கிள் பின்சக்கரக் குண்டு ஒன்றை, கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர், நடுவில் வைத்து அளந்து, குண்டின் அளவைக் கழித்துவிடுங்கள். இதற்கு 0-25 கருவி வேண்டும். குண்டு ஐந்து ரூபாய்க்குள். நான் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

---

கானாடுகாத்தான் ஜீப்
மே 3, இரவு 9.30

வெறும் ராடு: ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் 0.01-க்குள் வட்டம். மூன்றாம் ராடு வாட்டத்தில் 0.05 குறைவு.

ஷெல்லோடு: மற்ற மூன்றும் 49.01, 49.02. மூன்றாவது 48.97. பின் 48.91-இல் 0.06, 48.95-இல் 0.02. பிளாஸ்டிகேஜ் இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை, நான்தான் பாதிக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

சைக்கிள் குண்டு வைத்து அளந்ததில், நான்கு ராடிலும் மேல் ஷெல் கீழ் ஷெல்லைவிட நடுவில் 0.02 மெலிவு. வெடிப்பின் அடி ராடு வழியாக மேல் ஷெல்லில்தான் விழுகிறது என்பதால் அதில் வியப்பில்லை.

கேப்பின் முகத்தைப் பெட்ரோலில் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மற்ற மூன்றிலும் இயந்திரம் விட்ட சீரான கோடுகள். மூன்றாவதில் அவை இல்லை. குறுக்கே சாய்வாக அரத்தின் கீற்றுகள், ஓரம் ஒன்று லேசாக உருண்டிருக்கிறது. யாரோ குந்தி உட்கார்ந்து, கேப்பை வைஸில் பிடித்து, பொறுமையாக ராவியிருக்கிறார். கீற்றுகளின் சாய்வைப் பார்த்தால் இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்று தோன்றுகிறது.

---

பள்ளத்தூர் பட்டறை
மே 4, காலை 5.50

இரவெல்லாம் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலக்கைப் பழக்கம், ஆகவே அது நானில்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

நான் தொழில் கற்ற காலத்தில் ஷெல் வேண்டுமென்றால் மதராசுக்குச் சொல்லிவிட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது செட்டியார் வீட்டு டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார், பெண் அழைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது என்பார். கேப்பை இரண்டு இழுப்பு ராவுவோம். ஷெல் முதுகுக்குப் பின்னால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வைத்தவர்களும் உண்டு. சத்தம் போகும், கல்யாணமும் நடக்கும். அடுத்த ஆண்டு அந்த வண்டி என்ன ஆனது என்று யார் வந்து சொன்னார்கள்?

தம்பி, ஆறாம் தேதி நான் சொன்னபடி புது ஷெல்லை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மாணவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

---

மெட்ராலஜி மாணவன்
மே 4, காலை 9.00

ஐயா, மூன்றாம் ராடில் தேய்ந்த மேல் ஷெல்லுக்குப் பதில் புது ஷெல் வந்தால் துளை இன்னும் 0.02 குறுகும், கீழ் ஷெல் தேய்ந்த அளவும் அதோடு சேரும். பருத்த பக்கம் வரும்போது இப்போது மிச்சமிருக்கும் 0.02-உம் போய்விடும். ராடு தன் எடையில் இறங்கும் உங்கள் சோதனையிலேயே ஓரிடத்தில் இறங்கி ஓரிடத்தில் நின்றிருக்கும். கிராங்கை எல்லா நிலைகளிலும் திருப்பி அதைச் செய்திருந்தால் நீங்களும் பிடித்திருப்பீர்கள்.

---

பள்ளத்தூர் பட்டறை
மே 4, காலை 9.25

ஒரு நிலையில் மட்டும்தான் செய்வோம்.

---

ஆத்தங்குடி ஓடு
மே 5, இரவு 7.40

எனக்கு எஞ்சின் தெரியாது, ஓடு போடுபவன். கிராங்க் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஆத்தங்குடித் தரையில் வி-பிளாக் என்னும் தாங்கு கட்டைகளை வைத்து, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் மாட்டப்போவதாக ஜீப்காரர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். வேண்டாம் ஐயா. எங்கள் ஓடு கையால் செய்வது, பதிப்பதும் கையால். பளபளப்பைப் பார்த்து மட்டம் என்று நினைத்துவிடக்கூடாது. அந்தப் பளபளப்பே எங்களுடையதல்ல, கண்ணாடியுடையது. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணல், சிமெண்டு போட்டு அழுத்தி, காய்ந்தபின் உரித்தெடுக்கிறோம். அதனால் நேரே அந்தக் கண்ணாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த கண்ணாடி ஒன்றை மணல் விரித்து மட்டமாகப் போட்டு, அதன்மேல் உங்கள் வி-பிளாக்கை வையுங்கள். என்னிடம் ஓரம் உடைந்த அரை அங்குலக் கண்ணாடி ஒன்று கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.

---

கோட்டையூர் லேத்
மே 5, இரவு 8.30

அருமை. முன் மெயினும் பின் மெயினும் வி-பிளாக்கில், டயல் நடு மெயினில். மெல்லத் திருப்பி, முள் ஆடும் மொத்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவு அதில் பாதி.

கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் இரண்டு சொல். இருபது அண்டர்சைஸ் ஷெல்லை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு கிராங்கைக் கொடுங்கள். ஷெல் கிடைக்காத அளவுக்குக் கிரைண்டிங் செய்துவிட்டு ஊர் ஊராக அலைபவர்கள் உண்டு. அடுத்து, பின் முடிந்து கிராங்கின் பக்கச்சுவரான கன்னம் தொடங்கும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்க வேண்டும். கல்லைத் தீட்டாமல் கூர் மூலையாக விட்டுவிட்டால் கிராங்க் ஒருநாள் அந்த மூலையில்தான் முறியும். வாங்கும்போது அங்கேயே நின்று, உங்கள் மைக்ரோமீட்டரால் அளந்து, மூலையையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

---

கானாடுகாத்தான் ஜீப்
ஜூன் 14, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். கிராங்க் வளைவு இல்லை, ஓடுகாரரின் கண்ணாடியில் டயல் முள் மொத்தமாக 0.02 ஆடியது. கிரைண்டிங் பட்டறையில் முதலில் கொடுத்தபோது இரண்டாம் பின்னின் மூலை கத்தி போல இருந்தது. பெயர் வேண்டாம். நான் மைக்ரோமீட்டரைப் பையிலிருந்து எடுத்ததும் அங்கே இருந்தவர் முகம் மாறிவிட்டது, ஆனாலும் மறுபேச்சில்லாமல் மூலையைச் சரிசெய்து கொடுத்தார். வீட்டில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் அடித்து விரிசல் பார்த்தேன், இல்லை.

மூன்றாம் ராடைக் கோட்டையூர் அண்ணன் ராடு, கேப் இரண்டின் முகத்தையும் சற்றே சீவி, துளையை மறுபடி வட்டமாகக் கடைந்து கொடுத்தார்.

இப்போதைய அளவுகள்: பின்கள் நான்கும் 48.70-க்கும் 48.705-க்கும் நடுவில். புது ஷெல்லோடு துளை 48.75. கால் கால் சுற்றாக நான்கு நிலைகளில் பிளாஸ்டிகேஜ் வைத்தேன், நான்கிலும் 0.05 கோட்டில் வந்து உட்கார்ந்தது. மெயின்களின் இடைவெளி, இரவல் வாங்கிய 50-75 கருவியால் அளந்ததில், 0.05.

பள்ளத்தூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து ராடு ஒவ்வொன்றையும் எல்லா நிலைகளிலும் கைவிட்டு இறக்கிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நேற்றுக் குன்றக்குடி போய் வந்தேன். சூடான ஐடிலில் 19 பவுண்டு. சத்தம் இல்லை. பின் மெயின் சீலில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகுகிறது. இந்த எஞ்சினுக்கு அது பிறவிக்குணம் என்கிறார்கள். இப்போதைக்கு வண்டியை முகப்பில் நிறுத்தியிருக்கிறேன்.

---

ஆத்தங்குடி ஓடு
ஜூன் 14, இரவு 9.20

முகப்பிலா? அது எங்கள் தாத்தா பதித்த தரை ஐயா. சிமெண்டு ஓடு ஆயிலைக் குடித்துவிடும், கறை என்ன செய்தாலும் போகாது. உடனே அடியில் ஒரு தட்டை வையுங்கள்.